கீறலில் பிறந்த சொற்கள்

ஹோமரின் இலியட் காவியத்தில், பதினேழாம் பகுதியில், பெனெலியோஸ் என்ற கிரேக்க வீரனின் தோளை ஓர் ஈட்டி உரசிச் செல்கிறது. ஆழமாகப் பாயவில்லை, மேலாக இழுத்துக்கொண்டு போகிறது. ஆனாலும் முனை எலும்பைத் தொட்டுக் கீறிவிட்டது என்கிறார் கவிஞர். 'கீறியது' என்று சொல்ல அவர் கையாளும் வினை 'கிராஃபெயின்'. ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் கழித்து ஆங்கிலத்தில் ஜியாகிரஃபி, கிராமர், புரோகிராம், ஆட்டோகிராஃப் என்றெல்லாம் சொல்லும்போது வாயில் வருவது அந்த ஈட்டி முனையின் சொல்தான்.

அதே காவியத்தின் ஆறாம் பகுதியில் இந்த வினைக்கு வேறொரு வேலை. பெல்லெரோஃபோன் என்ற இளைஞனைத் தன் கையால் கொல்ல அஞ்சிய அரசன் பிரோயிட்டோஸ், மடித்து மூடும் பலகை ஒன்றில் சில குறிகளைக் கீறி, அதை அவனிடமே கொடுத்துத் தன் மாமனாரிடம் அனுப்புகிறான். கொண்டுவருபவனைக் கொன்றுவிட வேண்டும் என்பது சேதி. சுமந்து சென்றவனுக்கு அது தெரியாது. ஹோமரின் இரு காவியங்களிலும் எழுத்து போன்ற ஒன்று தலைகாட்டும் இடம் இது ஒன்றுதான். அங்கேயும் வினை கிராஃபெயின். எலும்பில் விழுந்த கீறலுக்கும் பலகையில் விழுந்த குறிக்கும் கிரேக்கர்களிடம் ஒரே சொல்தான் இருந்தது.

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள முயல்பவர்களிடம் வேர்ச்சொல் பட்டியல் ஒன்று கட்டாயம் இருக்கும். அதில் 'கிராஃப்' என்பதற்கு நேராக 'எழுது' என்று போட்டிருக்கும். தவறில்லை. ஆனால் அந்த ஒரு பொருளை மட்டும் நம்பிப் புறப்பட்டால் பாதி வழியில் வண்டி நின்றுவிடும். போட்டோகிராஃபில் எழுத்து எங்கே இருக்கிறது? ஈசிஜி தாளில் ஓடும் அலைக்கோட்டில் எந்த எழுத்தைப் படிப்பது? இணைகரத்துக்கு ஆங்கிலத்தில் பாராலெலோகிராம் என்று பெயர். அந்த நான்கு கோடுகளில் எழுதியது என்ன? 'எழுது' என்பதை எடுத்துவிட்டுக் 'கீறு' என்று வைத்துப் பாருங்கள். எது கீறியது, எதன்மேல் கீறியது, என்ன தடம் விட்டது என்று கேட்டால் இந்தக் குடும்பத்தின் ஏறக்குறைய எல்லாச் சொற்களும் வழிவிடும். வழிவிடாத சில சொற்களும் உண்டு. அவற்றின் கதைதான் எனக்கு இன்னும் பிடித்தமானது.

எழுதுவதும் வரைவதும் இன்று நமக்கு இரண்டு தொழில்கள். பழைய கிரேக்கர்களுக்கு அப்படி இல்லை. ஓவியருக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஸோகிராஃபோஸ்', அதாவது உயிருள்ளவற்றைக் கீறுபவர். பிளேட்டோவின் ஃபைட்ரஸ் என்ற உரையாடலில் சாக்ரட்டீஸ் எழுத்தின் மீது ஒரு குறை சொல்கிறார். ஓவியத்தில் இருக்கும் உருவங்கள் உயிரோடு நிற்பவைபோலத் தோன்றும், ஆனால் ஏதாவது கேட்டால் வாய் திறக்காது. எழுத்தும் அப்படித்தான் என்கிறார். தமிழில் படிக்கும்போது நயமான ஒப்புமை என்று கடந்துபோய்விடுவோம். கிரேக்கத்தில் எழுத்து, ஓவியம் என்ற இரண்டு சொற்களுக்குள்ளும் ஒரே வேர் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கேட்பவரின் காதுக்கு அந்த ஒப்புமை ஏற்கெனவே பாதி சொல்லப்பட்டுவிட்டது.

தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்று ஒரு குறள் தொடங்குகிறது. அங்கே எழுதப்படுவது மை. மை தீட்டும் கோல் கண்ணுக்கு மிக அருகில் வந்துவிட்டால் அந்தக் கண்ணுக்கே கோல் தெரிவதில்லை. அதுபோலக் காதலனை நேரில் கண்டதும் அவன் குறைகள் தெரியாமல் போகின்றன என்கிறாள் தலைவி. ஓவியம் எழுதுதல் என்றும் பழைய தமிழில் சொன்னார்கள். நம்முடைய 'எழுது' என்ற வினையும் ஒருகாலத்தில் கோடிழுப்பது, தீட்டுவது, பொறிப்பது எல்லாவற்றையும் தன்னுள் வைத்திருந்தது. கிராஃபெயின் என்ற சொல்லின் வயிற்றில் என்ன இருந்தது என்பதைத் தமிழர் தம் சொல்லை வைத்தே உணர்ந்துகொள்ள முடியும்.

இந்த வேரைக் கிரேக்கத்துக்கும் முன்னால் கொண்டுபோகலாம். செதுக்குவதைக் குறிக்கும் 'கார்வ்' என்ற ஆங்கிலச் சொல் எந்த மொழியிடமும் கடன் வாங்கியதில்லை. பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. அதுவும் கிராஃபெயினும் இந்தோ ஐரோப்பிய மொழிகளின் ஒரே மூதாதைச் சொல்லிலிருந்து கிளைத்தவை என்று மொழியியலார் காட்டியிருக்கிறார்கள். ஆக, மரத்தைச் செதுக்கும் 'கார்வ்' இக்குடும்பத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. அதே சமயம், உலோகத்தில் பொறிப்பதைக் குறிக்கும் 'என்கிரேவ்' ஒலியாலும் பொருளாலும் கூடப் பிறந்ததுபோலவே நிற்கிறது, ஆனால் உறவில்லை. அது தோண்டுதல் என்ற பொருள் கொண்ட வேறொரு ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. ஒலியை மட்டும் வைத்து உறவு கொண்டாடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

இனி, பலரும் குழம்பும் இடத்துக்கு வருவோம். ஒரே வேர் என்றால் சில சொற்கள் 'கிராஃப்' என்றும் சில 'கிராம்' என்றும் முடிவது ஏன்?

கிரேக்கத்தில் வினையோடு 'மா' என்ற விகுதி சேர்ந்தால், அந்தச் செயலால் விளைந்த பொருளுக்குப் பெயர் கிடைக்கும். கிராஃப் என்ற வேரோடு மா சேரும்போது நடுவில் இருக்கும் ஃப் ஒலி பின்னால் வரும் மகரத்துக்கு இசைந்து 'கிரம்மா' ஆகிறது. கல்லும் மனமும் சேர்ந்தால் நாம் கன்மனம் என்று சொல்வதைப் போன்ற ஒரு புணர்ச்சிதான். கிரம்மா என்றால் கீறப்பட்டது. ஆகவே எழுத்து, கோடு, குறி. கிராஃப் என்பது செயலின் பக்கம், கிராம் என்பது விளைவின் பக்கம்.

இந்த வேறுபாடு ஆங்கிலத்தில் மிகச் சுத்தமாகத் தெரிவது தந்தித் துறையில். 1790களில் பிரான்சில் குளோட் ஷாப் ஒரு செய்திக் கருவியை அமைத்தார். குன்றுகளின் மீதும் கோபுரங்களின் மீதும் மரக் கைகளை நிறுத்தி, அவற்றை வெவ்வேறு கோணங்களில் அசைத்துச் சேதியைக் கோபுரம் கோபுரமாகக் கடத்தும் ஏற்பாடு. 1794இல் பாரிஸிலிருந்து லீல் நகரம் வரை அது இயங்கியது. ஷாப் முதலில் வைத்த பெயர் 'டாகிகிராஃப்', வேகமாக எழுதுவது. வேகத்தைவிடத் தொலைவுதான் இதன் சிறப்பு என்பதால் 'டெலிகிராஃப்' என்ற பெயர் முன்வைக்கப்பட்டது; தொலைவில் எழுதுவது. அதுவே நிலைத்தது. மின்சாரம் வந்து மரக் கைகளை அகற்றியபோதும் பெயர் அசையவில்லை.

கருவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அது கொண்டுவரும் சேதிக்கு? நெடுநாள் அதை 'டெலிகிராஃபிக் டெஸ்பாட்ச்' என்று சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1852 ஏப்ரலில் அமெரிக்காவின் ஆல்பனி நகரச் செய்தித்தாள் ஒன்றில் இதற்கு 'டெலிகிராம்' என்று சொல்லலாமே என்ற யோசனை வந்தது. ஐந்து ஆண்டுகளில் அது இங்கிலாந்து வரை பரவியதும், கிரேக்கம் கற்ற அறிஞர்கள் சிலர் கொதித்துப்போனார்கள். கிரேக்க இலக்கணப்படி இந்தச் சொல் 'டெலிகிராஃபீம்' என்றுதான் அமைய வேண்டும் என்று 1857இல் பத்திரிகைகளில் வாதம் நடந்தது. இலக்கணத்தில் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் மக்கள் டெலிகிராமைத்தான் எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் மக்கள் பக்கம்தான் நிற்பேன். ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருந்த எபிகிராம், அனகிராம், மானோகிராம் ஆகியவற்றின் வரிசையில் டெலிகிராம் இயல்பாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கடன் வாங்கிய வேர்கள் புது மொழியில் தங்களுக்கென்று ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொள்கின்றன. அதன்பின் தாய்மொழியின் இலக்கணம் அவற்றைக் கட்டுப்படுத்துவதில்லை.

மருத்துவத்தில் இந்த இணை இன்றும் ஒழுங்காக இருக்கிறது. இதயத்தின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் கருவி கார்டியோகிராஃப். அதிலிருந்து வெளிவரும் தாள் கார்டியோகிராம். ஈசிஜி என்று நாம் சுருக்கிச் சொல்வதில் கடைசியாக நிற்கும் 'ஜி' அந்த கிராம்தான். இதை மருத்துவமனைக்கு உரிய கருவியாக வளர்த்தெடுத்த நெதர்லாந்து அறிஞர் வில்லெம் ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் சீஸ்மோகிராஃபுக்கும், அது வரையும் சீஸ்மோகிராமுக்கும் இதே கணக்கு. ஆனால் போட்டோகிராஃப், ஆட்டோகிராஃப், பேராகிராஃப் மூன்றும் விளைவைக் குறித்தும் கிராஃப் என்றே முடிகின்றன. கருவி என்றால் கிராஃப், தாள் என்றால் கிராம் என்று சூத்திரம்போல மனப்பாடம் செய்தவர் இங்கே இடறுவார். பெரும்பாலும் பொருந்தும், முழுக்கப் பொருந்தாது என்று நினைவில் வைத்தால் போதும்.

பேராகிராஃப் என்ற சொல்லைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 'பாரா' என்றால் பக்கத்தில். பக்கத்தில் கீறியது. எதன் பக்கத்தில்? பழைய கிரேக்கச் சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது; எழுத்துகள் சங்கிலியாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பேச்சு முடிந்து இன்னொருவர் பேசத் தொடங்கினாலோ, ஒரு கருத்து முடிந்தாலோ, இடது ஓரத்தில், அந்த வரியின் தொடக்கத்துக்குக் கீழே, சிறியதாக ஒரு படுக்கைக் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டின் பெயர்தான் பாராகிராஃபோஸ். ஒரு வாக்கியம் முடிந்தது என்பதை அதன் ஓசையே உணர்த்த வேண்டும், எழுத்தரோ ஓரக்கோடோ உணர்த்தக் கூடாது என்று அரிஸ்டாட்டில் தம் சொற்கலை நூலில் எழுதியிருக்கிறார். ஓரத்துக் கோட்டின் பெயர் பின்னாளில் அது பிரித்துக் காட்டிய பகுதிக்கே வந்துவிட்டது. நாம் அதைப் 'பத்தி' என்கிறோம், பேச்சில் 'பாரா' என்றும் சொல்கிறோம். அப்படிச் சொல்லும்போது கீறல் உதிர்ந்து 'பக்கத்தில்' என்ற முன்னொட்டு மட்டும் நம்மிடம் மிஞ்சியிருக்கிறது.

மற்ற முன்னொட்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 'புரோ' முன்னால், எல்லோரும் படிக்கும்படி முன்கூட்டி எழுதி வைத்த பொது அறிவிப்பு புரோகிராம், அதிலிருந்து நிகழ்ச்சி நிரலும் கணினி நிரலும். 'டயா' ஊடாக, கோடுகளால் பகுத்துக் காட்டுவது டயகிராம். 'அனா' மீண்டும், மாற்றி. எழுத்துகளை மாற்றி அடுக்கினால் அனகிராம். 'எபி' மேலே, கல்லறையின் மீதும் நினைவுத்தூணின் மீதும் பொறித்த வாசகம் எபிகிராம். கல்லில் ஒவ்வோர் எழுத்தையும் உளியால் வெட்ட வேண்டியவன் வார்த்தையை வீணாக்க மாட்டான். அதனால் எபிகிராம் என்றால் சுருக்கமும் கூர்மையும் கொண்ட சிறு பாட்டு என்ற பொருள் வந்தது. பின்னாளில் உளியும் கல்லும் போய்விட்டன, சுருக்கம் மட்டும் தங்கிவிட்டது. கல்வெட்டியலுக்கு ஆங்கிலத்தில் எபிகிரஃபி என்று பெயர் இருப்பது இந்தப் பழைய நினைவால்தான்.

'கிரஃபி' என்று முடியும் துறைகளில் ஒரு நுட்பம் உண்டு. தமிழில் அது மறைந்துவிடுகிறது. 'லாஜி' என்று முடிந்தால் ஒன்றைப் பற்றிப் பேசி, காரணம் தேடி ஆராய்வது. 'கிரஃபி' என்று முடிந்தால் அதை வரைந்து காட்டுவது, பதிந்து வைப்பது. உயிரைப் பற்றிய ஆய்வு பயாலஜி. ஓர் உயிர் வாழ்ந்த கதையைப் பதிவது பயாகிரஃபி. தமிழில் துறைப்பெயர் என்றாலே கை தானாக 'இயல்' என்பதை எடுத்துவிடுகிறது. ஜியாகிரஃபி புவியியல் ஆகிவிட்டதால், ஜியாலஜிக்குப் பெயர் தேடும்போது நிலவியல், மண்ணியல் என்று வேறு வழிகளில் போக வேண்டியிருக்கிறது.

ஜியாகிரஃபி என்ற சொல்லை ஒரு நூலின் பெயராகத் தந்தவர் எரட்டோஸ்தெனிஸ். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர். பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டதால் இன்றும் அறியப்படுபவர். நான்கு நூற்றாண்டுகள் கழித்து அதே நகரில் தாலமி எழுதிய நூலின் முதல் வாக்கியமே ஜியாகிரஃபி என்றால் என்ன என்பதைச் சொல்கிறது: நமக்குத் தெரிந்த உலகம் முழுவதையும் வரைந்து காட்டும் நகல். அவரைப் பொறுத்தவரை நிலப்படம்தான் அந்தத் துறை. மலையும் ஆறும் பயிரும் மக்கள்தொகையும் பின்னால் வந்து சேர்ந்தவை.

நடன அமைப்பைக் குறிக்கும் கொரியோகிரஃபியும் இப்படி ஒரு திருப்பம் கண்ட சொல்தான். 1700இல் பிரெஞ்சு நடன ஆசிரியர் ஃபொய்யே இந்தப் பெயரில் நூல் வெளியிட்டபோது அதன் பொருள் நேரடியானது: நடனத்தை எழுதிவைக்கும் முறை. ஆடுபவரின் பாதம் தரையில் எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதைக் கோடுகளாலும் குறிகளாலும் தாளில் வரைந்து காட்டினார். ஆடியதை எழுதிவைப்பது என்ற பொருள் காலப்போக்கில், ஆடப்போவதை அமைப்பது என்று மாறியது. இன்று நடன அமைப்பாளர் ஒரு கோடுகூட எழுத வேண்டியதில்லை.

இனி வழிவிட மறுக்கும் சொற்கள்.

கிராமர் என்பது வெளிப்படையானது. கிரம்மா என்றால் எழுத்து. கிரமாட்டிகே என்றால் எழுத்துகளைப் பற்றிய கலை. எழுத்தறிந்து, பழைய புலவர்களைப் படித்துப் பொருள் சொல்லும் திறன் எல்லாம் அதற்குள் அடங்கும். தொல்காப்பியமும் எழுத்ததிகாரத்தில்தான் தொடங்குகிறது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். இடைக்கால ஐரோப்பாவில் இந்தச் சொல் லத்தீன் கல்வி முழுவதையும் குறித்தது. படிப்பறிவு மிகச் சிலரிடம் மட்டும் இருந்த காலம். புரியாத மொழியில், புரியாத குறிகளைப் பார்த்து முணுமுணுக்கும் ஒருவரை வெளியே நின்று பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? சோதிடமும் மந்திரமும் அந்தப் புத்தகங்களுக்குள் இருக்கின்றன என்று நம்பினார்கள். பிரெஞ்சு மொழியில் மந்திர நூலைக் குறிக்கும் 'கிரிமுவார்' என்ற சொல் இலக்கணத்தைக் குறிக்கும் சொல்லின் திரிபுதான்.

ஸ்காட்லாந்தில் இது இன்னும் ஒரு படி போனது. அங்கே கிராமர் என்பதன் ரகரம் லகரமாக மாறி 'கிளாமர்' ஆனது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குப் பொருள் கண்கட்டு வித்தை: இருப்பதை இல்லாததாகவும், சாதாரணமானதை அற்புதமானதாகவும் பார்ப்பவர் கண்ணுக்குக் காட்டும் மந்திரம். வால்டர் ஸ்காட் தம் எழுத்துகளில் இதைக் கையாண்டு இங்கிலாந்து வாசகர்களிடம் கொண்டுசேர்த்தார். மந்திரத்தின் மீதிருந்த நம்பிக்கை தேய்ந்தபோது கண்ணைக் கட்டும் கவர்ச்சி என்ற பொருள் மட்டும் எஞ்சியது. இன்று சினிமா சுவரொட்டியைப் பார்த்துக் கிளாமர் என்கிறவரும், வகுப்பில் கிராமர் கடினம் என்கிறவரும் ஒரே சொல்லைத்தான் இரண்டு விதமாக உச்சரிக்கிறார்கள். எந்த வேர்ச்சொல் பட்டியலும் இதைச் சொல்லித் தராது. சொல்லைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால் இது கிடைக்காது. அது நடந்துவந்த பாதையில் கூடவே நடந்தால்தான் கிடைக்கும்.

தோட்டக்கலையில் வழங்கும் 'கிராஃப்ட்' என்ற சொல்லும் அப்படித்தான். ஒரு செடியின் தண்டில் இன்னொரு செடியின் குச்சியை ஒட்டவைத்து வளர்ப்பது. இதில் எழுத்து எங்கிருந்து வந்தது? மெழுகுப் பலகையில் எழுதப் பயன்பட்ட கூரான கோலுக்குக் கிரேக்கத்தில் 'கிராஃபெயோன்' என்று பெயர், லத்தீனில் 'கிராஃபியம்', பழைய பிரெஞ்சில் 'கிராஃப்'. ஒட்டுக்கட்டுபவர் அந்தக் குச்சியின் அடியை இருபுறமும் சீவிக் கூராக்கித்தான் தண்டின் பிளவில் செருகுவார். கையில் பிடித்திருக்கும் அந்தச் சீவிய குச்சி எழுத்தாணியைப் போலவே இருக்கும். அந்தத் தோற்றத்தால் குச்சிக்கு எழுத்தாணியின் பெயர் வந்தது. பிறகு குச்சியிலிருந்து செயலுக்கு வந்தது. செடியிலிருந்து மனித உடலுக்கும் வந்து, அறுவை மருத்துவத்தில் தோலை எடுத்து ஒட்டுவதையும் இதே சொல்லால் குறிக்கிறார்கள்.

பென்சிலுக்குள் இருக்கும் கரிய பொருளை நெடுங்காலம் ஒருவகை ஈயம் என்றே நினைத்திருந்தார்கள். அது கரியின் ஒரு வடிவம் என்று 1779இல் கார்ல் ஷீலே காட்டினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1789இல், ஜெர்மானியக் கனிமவியலாளர் வெர்னர் அதற்கு 'கிராஃபைட்' என்று பெயரிட்டார், எழுதும் கல். எடை அளக்கும் கிராம்கூட இதே கிரம்மாதான். பிற்காலக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் அது ஒரு சிறிய எடையின் பெயராகவும் இருந்தது. 1795இல் பிரான்ஸ் புதிய அளவைமுறையை வகுத்தபோது, பனி உருகும் வெப்பநிலையில் ஒரு கனசெண்டிமீட்டர் நீரின் எடைக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. கணிதத்தில் புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் குறிக்கும் 'கிராஃப்' என்ற சொல் 1878இல் ஜே. ஜே. சில்வெஸ்டரிடமிருந்து வந்தது. வேதிச் சேர்மங்களின் அமைப்பைக் கோடுகளால் காட்டிய படங்களிலிருந்து அதை அவர் எடுத்தார்.

கை பிடித்த கருவியால் கீறிய காலம் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் இந்த வேருக்கு முற்றிலும் புதிய எழுத்தர்கள் கிடைத்தார்கள்: ஒளி, ஒலி, பூமி, இதயம். மனிதக் கை நடுவில் இல்லாமல் இயற்கை தானே தன் தடத்தை விட்டுச் செல்ல முடியும் என்று கண்டார்கள். அதற்குப் பெயர் வேண்டியபோதெல்லாம் கிராஃபெயினிடம் போனார்கள்.

ஒளி முதலில் வந்தது. பிரேசிலில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் எர்க்யூல் ஃபுளோரான்ஸ் 1834இலேயே தம் குறிப்பேட்டில் 'போட்டோகிராஃபி' என்று எழுதிவைத்திருந்தார். அது வெளியுலகுக்கு எட்டவில்லை. 1839 மார்ச் 14 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் ஜான் ஹெர்ஷல் இந்தச் சொல்லைத் தாமாகவே ஆக்கி முன்வைத்தபின் உலகம் அதை ஏற்றது. ஒளி எழுதியது என்பதே அதன் பொருள். தமிழில் புகைப்படம் என்ற சொல் வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க முடியாது. இருந்தாலும் ஒளிப்படம் என்று எழுதும்போது எனக்கு ஒரு நிறைவு ஏற்படுகிறது, ஏனென்றால் வரைந்தது யார் என்பதை அந்தச் சொல் மறக்காமல் சொல்கிறது.

ஒலியின் கதையைக் கடைசிக்கு வைத்திருந்தேன், ஏனென்றால் அதில் இந்த வேரின் எல்லாப் பொருளும் ஒன்றுசேர்கின்றன. எதுவார்-லெயோன் ஸ்கோட் த மார்த்தன்வீல் பாரிஸில் அச்சுத் தொழிலில் இருந்தவர். உடலியல் நூல் ஒன்றுக்குப் பிழை திருத்தும்போது காதின் அமைப்பைக் காட்டும் படங்களைப் பார்த்தார். காதின் சவ்வு அதிர்வதைப்போல ஒரு செயற்கைச் சவ்வு அதிர்ந்தால், அந்த அதிர்வைக் கோடாக இழுக்க முடியாதா என்று யோசித்தார். ஒரு கூம்பு, அதன் முனையில் சவ்வு, சவ்வில் ஒட்டிய ஒரு மயிர்முள். எண்ணெய் விளக்கின் கரி படிந்த தாளை உருளை ஒன்றில் சுற்றிக் கையால் சுழற்றுவார். கூம்புக்குள் பேசினால் மயிர்முள் நடுங்கி, கரியைக் கீறி, வெள்ளையாக நெளிகோடு போடும். 1857இல் காப்புரிமை பெற்ற இந்தக் கருவிக்கு அவர் வைத்த பெயர் 'ஃபோனாட்டோகிராஃப்', ஒலி தானே எழுதுவது.

அந்தத் தாளிலிருந்து ஒலியைத் திரும்ப எழுப்ப வேண்டும் என்று அவர் எண்ணவே இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது எழுத்து. பேச்சு தானாகவே தாளில் விழ வேண்டும், பின்னால் வருபவர்கள் அந்தக் கோட்டைக் கண்ணால் படிக்கக் கற்க வேண்டும். வாழ்நாளெல்லாம் எழுத்தோடு பழகிய ஒருவரின் கனவு இப்படித்தான் இருக்கும்.

1877இல் அமெரிக்காவில் தாமஸ் எடிசன் மெல்லிய வெள்ளீயத்தகட்டில் ஊசியால் குரலைப் பதித்து, அதே பள்ளத்தில் ஊசியை மறுபடி ஓட்டிக் குரலைத் திரும்பக் கேட்கவைத்தார். கருவியின் பெயர் ஃபோனோகிராஃப். பத்து ஆண்டுகள் கழித்து எமில் பெர்லினர் தட்டையான தட்டில் ஒலியைப் பதித்தபோது அதே இரு வேர்களை இடம் மாற்றி 'கிராமஃபோன்' என்றார். எடிசனின் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்ட ஸ்கோட் 1878இல் தம் செலவிலேயே ஒரு நூல் வெளியிட்டார். அது ஒலியைத் திருப்பி எழுப்புகிறது, எழுதவில்லை. ஒலியை எழுதவைத்தது என் கருவி என்பதே அவருடைய முறையீடு. அதாவது கிராஃப் என்ற சொல்லுக்கு உரிமை கோரினார். மறு ஆண்டு இறந்துபோனார்.

அவர் கரித்தாள்களில் சிலவற்றைப் பாரிஸில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அவற்றில் ஒன்றை, 1860 ஏப்ரல் 9 என்று நாளிட்டதை, நுட்பமாகப் படமெடுத்து, அந்த நெளிகோட்டைக் கணினியில் ஒலியாக மாற்றினார்கள். ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலின் ஒரு வரி கேட்டது. சிறுமியோ இளம்பெண்ணோ பாடியதுபோல இருந்தது. மறு ஆண்டு கணக்கை மறுபடி பார்த்தார்கள். பாடும்போது காலத்தை அளப்பதற்காக ஸ்கோட் பக்கத்திலேயே, தட்டினால் மாறாத ஒரே வேகத்தில் அதிரும் ஓர் இசைக்கவையின் அதிர்வையும் கீறவிட்டிருந்தார். அதன் அதிர்வெண்ணைத் தவறாக எடுத்துக்கொண்டதால் ஒலி இரு மடங்கு வேகத்தில் ஓடிவிட்டது தெரிந்தது. வேகத்தைப் பாதியாகக் குறைத்ததும் பெண்குரல் மறைந்தது. ஓர் ஆண், ஒவ்வொரு சுரமாக, நிதானமாக, கூம்புக்குள் பாடிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் ஸ்கோட்டேதான்.